பகிரும் முன் மூன்று கேள்விகள்

(அவிநாசியில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் கைப்பேசிக்குத் தினமும் ஓர் ஆய்வு வந்துவிடுகிறது. இதைச் சாப்பிட்டால் ஞாபகசக்தி பெருகும், இந்த இசையைக் கேட்டால் மூளை வளரும், இந்தத் தடுப்பூசி ஆபத்து... எல்லாமே ‘விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்’ என்றுதான் தொடங்கும். அதை நாம் பெற்றோர் குழுவில் போட்டால் என்ன ஆகும்? பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து குழுவைப் பார்க்கும் தாய், “டீச்சரே போட்டிருக்காங்க” என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்வார். பகிர்ந்தது நாம் என்பதாலேயே அதற்குப் பள்ளியின் முத்திரை விழுந்துவிடுகிறது.

2017 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியது. பள்ளிகளில்தான் பெரும்பாலும் ஊசி போட்டார்கள். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவின. பெற்றோர் பலர் ஊசி வேண்டாம் என்றார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச் மாதத்துக்கும் நீண்டது.

ரூபெல்லா சிறுவர்களுக்கு லேசான காய்ச்சலாக வந்து போய்விடும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு வந்தாலோ, பிறக்கும் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். நம் வகுப்பில் ஊசியைத் தவறவிடும் மாணவிக்கு அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

தடுப்பூசி பற்றிய அச்சத்துக்கு உலகெங்கும் தீனி போட்டதும் ஓர் ஆய்வுக் கட்டுரையே. 1998-இல் ‘லான்செட்’ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் குழுவினர் அதை வெளியிட்டனர். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அது கிளப்பியது. ஆராயப்பட்ட குழந்தைகள் 12 பேர் மட்டுமே. ஊசி போடாத குழந்தைகளோடு ஒப்பிடவும் இல்லை. 2010-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டனின் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, இந்த ஊசியால் ஆட்டிசம் கூடவில்லை என்று காட்டியது. 12 பேரின் கதை இன்றும் சுற்றி வருகிறது. ஆறரை லட்சம் பேரின் கணக்கை நம் குழுக்களில் யார் பகிர்கிறார்கள்?

உளவியலிலும் இப்படி உண்டு. 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில் 36 கல்லூரி மாணவர்கள் பங்கேற்றனர். பத்து நிமிடம் மொசார்ட்டின் இசையைக் கேட்டபின், வடிவங்களை மனதில் மடித்து விரித்துப் பார்க்கும் வகைக் கேள்விகளில் அவர்கள் சற்றுக் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். அந்தப் பலன் கால்மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. ஆய்வில் குழந்தை ஒன்றுகூட இல்லை. அதுவே கைமாறிக் கைமாறி, ‘மொசார்ட்டைக் கேட்கும் குழந்தை அறிவாளியாகும்’ என்று ஆயிற்று. 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் கேட்டார்!

ஆகவே, பகிரும் முன் மூன்று கேள்விகளைக் கேட்போம்.

ஒன்று: யாரிடம், எத்தனை பேரிடம் ஆராய்ந்தார்கள்?

இரண்டு: எவரோடு ஒப்பிட்டார்கள்?

மூன்று: மூலக் கட்டுரை எங்கே? பின்னர் வந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

விடை கிடைக்காத செய்தி நம் கைப்பேசியோடு நிற்கட்டும். மருத்துவ ஐயம் என்றால் கிராம சுகாதார செவிலியரைக் கேட்கலாம், 104-ஐ அழைக்கலாம். பெற்றோர் குழுவில் தவறான செய்தி வந்தால், அனுப்பியவரைக் கடிந்துகொள்ளாமல் சரியான தகவலை எளிய தமிழில் போடுவோம். வடமாநிலப் பெற்றோருக்கு, அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு குரல் பதிவாகவும் அனுப்பலாம்.

இதே கேள்விகளை எட்டாம் வகுப்பு அறிவியல் பாடவேளையிலும் பழக்குங்கள். பிள்ளைகள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அடுத்த முறை செவிலியர் ஊசியோடு வரும் நாளில் நம் வகுப்பறை நிறைந்திருக்க வேண்டும்.