பேனின் வயிற்றுக்குள்ளே

(பிள்ளை மடுவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பேனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்னாலே சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் பேன் இருக்கென்று வகுப்பிலே தனியே இருத்தப்பட்ட பிள்ளைக்குச் சிரிப்பு வராது. அதைவிட மோசம், மண்ணெண்ணெயையும் மரக்கறிக்கு அடிக்கிற மருந்தையும் தலையில் பூசுவது. மண்ணெண்ணெய்த் தலையோடு அடுப்படிக்குப் போனால் என்ன ஆகும்? பூச்சி மருந்து தோல் வழியாகவே உள்ளே போய் உயிருக்கு உலை வைக்கும்.

பேனின் வயிற்றைத் தெரிந்துகொண்டால் இதெல்லாம் தேவையில்லை என்று விளங்கும்.

தலைப்பேனுக்குச் சாப்பாடு மனித இரத்தம் மட்டும்தான். வாயிலே ஊசி போல மூன்று உறுப்பு. குடிக்காத நேரம் அவற்றைத் தலைக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். குத்தும்போது இரத்தம் உறையாமலிருக்க எச்சில் விடும். அந்த எச்சில் ஒத்துக்கொள்ளாமல்தான் நமக்கு அரிக்கிறது. முதல் தடவை பேன் பிடித்தவருக்கு அரிப்புத் தொடங்க நாலு, ஆறு கிழமை கூடச் செல்லும். அதற்குள் அது குடும்பமே வைத்துவிடும்!

இங்கிலாந்தில் ரொபர்ட் ஹூக் என்பவர் பட்டினி கிடந்த பேனைத் தன் கையிலே விட்டு, அது இரத்தம் குடிப்பதை உருப்பெருக்கியால் பார்த்து, 1665இல் படத்தோடு புத்தகம் போட்டார். வயிற்றிலே ஒரு வெள்ளைப் புள்ளியையும் கண்டார். அது கிருமிகள் குடியிருக்கும் அறை என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. இரத்தத்திலே சில பி விற்றமின்கள் போதாது. அந்தக் கிருமிகள்தான் பேனுக்கு அவற்றைச் செய்து கொடுக்கின்றன. தாய்ப்பேன் அவற்றை முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கொடுத்துவிடும். சீதனம் மாதிரி.

பேனின் மூதாதையர் பூஞ்சணமும் குப்பையும் தின்று வெளியிலே திரிந்த பூச்சிகள். கோழிப்பேன் இன்றைக்கும் இறகைக் கடித்துத் தின்கிறது; அது நம் தலையில் குடியேறாது. மனிதப் பேனும் சிம்பன்சிப் பேனும் பிரிந்து சுமார் 60 இலட்சம் வருடம். அவ்வளவு காலமாக நம்மையே நம்பி வாழ்ந்ததால், தலையை விட்டு இறங்கினால் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். பாய் தலையணையை எரிக்க வேண்டாம். அதற்குப் பறக்கவும் தெரியாது, பாயவும் தெரியாது. தலையோடு தலை முட்டும்போது ஊர்ந்து ஏறும், அவ்வளவுதான். அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என்னுடைய ஊர் காரைதீவு. அங்கேயும் பக்கத்து மாளிகைக்காட்டிலும் பின்னேரம் முற்றத்திலே ஒருவர் பின் ஒருவராக இருந்து பேன் பார்ப்பார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் ஒரு நாளோடு விட்டுவிடுவார்கள். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள். ஆகவே தலையை நனைத்து, எண்ணெய் தடவி, மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு கிழமைக்குக் குறையாமல் பேன் சீப்பால் அடிமுடியிலிருந்து வாருங்கள். லயத்திலே எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். மருந்து வேண்டுமென்றால் டிஸ்பென்சரியில் கேட்டு வாங்குங்கள்.

சனிக்கிழமை பின்னேரம் தொடங்குவோமா? சீப்பு இல்லாதவர்கள் இப்போதே பெயரைச் சொல்லுங்கள்.