ஒட்டுக் கேட்க முடியாத போனா?

(கண்ணமங்கலத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



'யாராலும் ஒட்டுக் கேட்க முடியாது' என்று சொல்லி விற்கப்படும் போன்கள், ஒயர்லெஸ் கருவிகள் பற்றிச் சில வார்த்தைகள். பட்டுச் சேலைக்கு விலை பேசுகிறவருக்கும் ரகசியம் உண்டு. வீட்டாரோடு பேசுகிறவருக்கும் உண்டு. அதைக் காக்க நினைப்பது குற்றமல்ல. ஆனால் பூட்டு விற்றவனிடம் இன்னொரு சாவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

சுவிட்சர்லாந்தில் கிரிப்டோ ஏ.ஜி. என்றொரு கம்பெனி இருந்தது. செய்திகளை ரகசியக் குறியீடாக்கும் இயந்திரங்களை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்றது. ஈரான் வாங்கியது, லிபியா வாங்கியது. இந்தியாவும் பாகிஸ்தானும்கூட வாங்கின. ஒற்றுமை எதில் வந்தது பாருங்கள்! 1970 முதல் அதன் மறைமுக முதலாளிகள் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மனியின் உளவுத் துறையும்தான் என்பது 2020-இல் அம்பலமானது. 1992-இல் ஈரான் சந்தேகப்பட்டு அதன் விற்பனையாளர் ஹான்ஸ் பியூலரைப் பிடித்து ஒன்பது மாதம் சிறை வைத்தது. பாவம், அவருக்கே விஷயம் தெரியாது! விற்றவருக்கே தெரியாததை வாங்கியவர் எப்படி அறிவார்?

2021-இல் 'அனோம்' என்ற ரகசிய போன். குற்றக் கும்பல்கள் நம்பி வாங்கின. அதை நடத்தியதே எஃப்.பி.ஐ.! 800 பேருக்கு மேல் கைதானார்கள். அவர்களுக்காக நாம் வருந்தவில்லை. சரக்கின் லட்சணத்தைச் சொல்கிறேன். செல்போன் காட்டிக் கொடுக்கும் என்று லெபனானில் பேஜருக்கு மாறினார்கள். 2024 செப்டம்பர் 17 அன்று அந்தப் பேஜர்களே வெடித்தன. குழந்தைகளும் மாண்டார்கள்.

இன்னொன்று. பேச்சை மறைத்தாலும், செல்போன் எந்தக் கோபுரத்தோடு தொடர்பு கொண்டது என்பது பதிவாகிவிடும்.

வளைகுடாவிலிருந்து வரும் தம்பிகள் கவனிக்க வேண்டும். துரையா போன்ற சேட்டிலைட் போன்களை அனுமதியின்றி இங்கே வைத்திருப்பது குற்றம். நண்பன் கொடுத்தான் என்று பெட்டியில் போட்டு வந்தால், விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நம் பிள்ளை என்றால் கேள்விகள் கூடுதலாகவே வரும் என்பதைச் சொல்லியா தெரிய வேண்டும்?

ஒட்டுக் கேட்புக்கு வரம்பு கட்டியது எந்தக் கருவியும் அல்ல. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும், ஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகக் கூறினர். ஆனால் அந்த ஆய்வுக் குழுவில் இன்றும் அதிகாரிகள் மட்டுமே இருக்கிறார்கள். நீதிபதி ஒருவரையும் அமர்த்துங்கள் என்று நாம் கேட்க வேண்டும்.