வழக்குக்கு ஏழு மாதம் முன்னால்



இந்த நாற்காலியில் இதற்கு முன் அமர்ந்தவர்களின் பெயர்களை அழைப்பிதழில் படித்ததிலிருந்து உள்ளுக்குள் ஒரு கலக்கம். அவர்களில் இருவர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். ஒருவர் என் கட்டுரைகளைத் திருத்தியவர், மற்றவர் மறுத்தவர். இருவருக்கும் நான் கடன்பட்டவன். இன்று கொஞ்சம் வட்டி கட்டலாம் என்று வந்திருக்கிறேன்.

'பதிப்புரிமையும் போட்டிச் சட்டமும்: தொழில்நுட்பப் பெருநிறுவனங்களின் வழக்குகள்' என்பது நமக்குத் தந்திருக்கும் தலைப்பு. தலைமை உரையில் துறையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவது மரபு. விரைவாகவே சுற்றிவிடுகிறேன். ஆப்பிள் மைக்ரோசாஃப்ட்டின்மேல் 1988-இல் தொடுத்த வழக்கில், சர்ச்சைக்குள்ளான 189 திரைக்கூறுகளில் 179 ஏற்கெனவே 1985 உரிம ஒப்பந்தத்துக்குள் அடங்கிவிட்டன என்று நீதிமன்றம் சொன்னதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. லோட்டஸ்–போர்லண்ட் வழக்கு 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நாலுக்கு நாலு என்று பிரிந்து, ஒரு விளக்கமும் இல்லாமல் முடிந்ததும் தெரியும். விண்டோஸின் பதிப்புரிமை தன்னிடம் இருப்பதால் கணினித் தயாரிப்பாளர்களைத் தன் விருப்பப்படி கட்டுப்படுத்தலாம் என்ற மைக்ரோசாஃப்ட் வாதம், 2001-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் என்ன மரியாதை பெற்றது என்பதும் தெரியும். கூகுள் தேடல் பற்றி 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா வழங்கிய தீர்ப்பும், எபிக் நிறுவனம் ஆப்பிளோடும் கூகுளோடும் நடத்திய போர்களும் பிற்பகல் அமர்வுகளில் வருகின்றன. அவற்றை ஆழ்ந்து படித்தவர்கள் பேசட்டும்.

எஞ்சிய நேரம் முழுவதையும் ஒரே ஓர் ஆவணத்துக்குக் கொடுக்கப் போகிறேன். அமைப்பாளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸை 740 கோடி டாலருக்கு ஆரக்கிள் வாங்குவதற்கு, 2010 ஜனவரி 21-ஆம் நாள் ஐரோப்பிய ஆணையம் அனுமதி தந்தது. அதற்கு முந்தைய செப்டம்பரில் விரிவான விசாரணை தொடங்கியிருந்தார்கள். அந்த விசாரணையைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் சன்னிடம் இருந்த மைஎஸ்கியூஎல்லைப் பற்றியே எழுதினார்கள். தரவுத்தள வணிகத்தின் பெருமுதலாளி, இலவசமாகக் கிடைக்கும் தரவுத்தளத்தை விழுங்கப் போகிறாரா என்பதுதான் அன்றைய பரபரப்பு. ஆரக்கிளும் 2009 டிசம்பரில் மைஎஸ்கியூஎல் குறித்துப் பத்து உறுதிமொழிகளை வெளியிட்டது. வேலை முடிந்தது.

ஆனால் அதே அனுமதி அறிவிப்பில் சன்னின் ஜாவா பற்றிச் சில வரிகள் உண்டு. நம் துறையில் அவற்றை மேற்கோள் காட்டியவர்கள் மிகச் சிலர். ஆணையம் அங்கே இரண்டு காரணங்கள் சொல்கிறது. முதலாவது, ஜாவாவின் அறிவுசார் சொத்துரிமைகளைப் போட்டியாளர்களுக்கு மறுக்கும் ஆற்றல் ஆரக்கிளுக்கு மட்டுப்பட்டே இருக்கும்; ஏனென்றால், பல நிறுவனங்கள் சேர்ந்து ஜாவாவின் விதிகளை வகுக்கும் 'ஜாவா சமூகச் செயல்முறை' என்ற அமைப்பு அதன் கையைக் கட்டும். இரண்டாவது, மறுப்பதில் ஆரக்கிளுக்கு ஆதாயமும் இல்லை. ஜாவா பரவலாகப் புழங்குவதால் வரும் வருவாயை அது தானே கெடுத்துக்கொள்ளாது.

அதே ஆண்டு ஆகஸ்டில், ஆண்ட்ராய்டுக்காக ஜாவாவை நகலெடுத்தது என்று ஆரக்கிள் கூகுள்மேல் வழக்குத் தொடுத்தது. டிசம்பரில் அப்பாச்சி அறக்கட்டளை அந்தச் 'சமூகச் செயல்முறை'யின் நிர்வாகக் குழுவை விட்டே வெளியேறியது. ஆணையம் சாய்ந்து நின்ற இரண்டு தூண்களும் ஓராண்டுகூடத் தாங்கவில்லை.

பின்னால் நடப்பதை ஆணையம் எப்படி முன்கூட்டியே அறிந்திருக்கும் என்று கேட்கலாம். அறிவதற்கு வழி இருந்தது. அப்பாச்சி 2007 ஏப்ரலிலேயே சன்னுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிவிட்டது. ஜாவாவோடு பொருந்துகிறதா என்று சோதிக்கும் கருவித்தொகுப்பைத் தரும்போது, இன்னின்ன சாதனங்களில்தான் பயன்படுத்தலாம் என்று சன் விதித்த கட்டுப்பாட்டை ஏற்க முடியாது என்பதே அதன் சாரம். அப்பாச்சி எழுதிய 'ஹார்மனி' நிரல்களைத்தான் ஆண்ட்ராய்டு எடுத்துக்கொண்டது என்பதை வைத்துப் பார்த்தால், பிற்கால வழக்கின் முழு நரம்பும் அந்தக் கடிதத்திலேயே தெரியும். 'சமூகச் செயல்முறை' யாருடைய கையையும் கட்டவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடைமுகங்களைப் பூட்டிவைத்தால் போட்டி என்ன ஆகும் என்பதை இதே ஆணையம் ஏற்கெனவே கற்றிருந்தது. கற்றுக்கொடுத்தது இதே சன்தான். விண்டோஸோடு இணைந்து இயங்கத் தேவையான விவரங்களை மைக்ரோசாஃப்ட் தர மறுக்கிறது என்று 1998 டிசம்பரில் ஆணையத்திடம் முறையிட்டது சன் நிறுவனம். அந்தப் புகாரிலிருந்து கிளைத்த வழக்கில்தான் 2004-இல் 49.7 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அவை எங்கள் அறிவுசார் சொத்து என்று மைக்ரோசாஃப்ட் வாதாடிப் பார்த்தது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய முதல்நிலை நீதிமன்றம், அப்படியே இருந்தாலும் மறுப்பு முறைகேடாகலாம் என்று சொல்லி அபராதத்தை உறுதிசெய்தது. இரண்டரை ஆண்டுக்குள் அந்தச் சன்னே விலைக்குப் போனபோது, அதன் இடைமுகங்களைப் பற்றி ஆணையத்தின் அறிவிப்பில் இருந்தவை அந்தச் சில வரிகள்தான்.

இதை நான் முன்பொரு கருத்தரங்கில் சொன்னபோது, முன்வரிசையில் இருக்கும் என் மதிப்புக்குரிய நண்பர் 'அடிக்குறிப்பு ஆராய்ச்சி' என்றார். அவை சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அவருடைய மறுப்பு வலுவானது, அதற்கு இன்று பதில் சொல்லியாக வேண்டும். இணைப்பை ஆராயும் அதிகாரி, இணைப்பால் புதிதாக விளையும் தீங்கை மட்டுமே பார்க்க முடியும். ஜாவாவின் உரிமை முன்பே சன்னிடம் இருந்தது. கை மாறியதே தவிர, அதிகாரம் கூடவில்லை. இதுவே அவர் வாதம்.

உரிமை கூடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நோக்கம் மாறியது. சன் சர்வர் விற்று வாழ்ந்த நிறுவனம். ஜாவா பரவினால் தன் சர்வர்கள் விற்கும் என்பது அதன் கணக்கு. ஆண்ட்ராய்டு 2007-இல் அறிவிக்கப்பட்டபோது சன்னின் தலைவர் ஜானதன் ஷ்வார்ட்ஸ் பகிரங்கமாக வாழ்த்துச் சொன்னார். 2012 விசாரணையில் கூகுள் தரப்புச் சாட்சியாகவே வந்தார். ஆரக்கிளோ உரிமம் விற்று வளர்ந்த நிறுவனம். புதிய உரிமையாளருக்கு ஆதாயம் இருக்குமா என்பது இணைப்பால் எழும் கேள்விதான். ஆணையமே அதை எழுப்பி, அதற்கு விடையும் எழுதியிருக்கிறது. கேள்வியே எல்லைக்கு வெளியே என்று இப்போது சொல்வது, ஆணையம் சொல்லாத சமாதானத்தை அதன் சார்பில் சொல்வதாகும்.

விளைவு என்ன? போட்டிச் சட்டம் முடிக்காமல் விட்ட வேலை பதிப்புரிமை நீதிமன்றத்தின் தலையில் விழுந்தது, பத்தரை ஆண்டுக்கு. கூகுள் நகலெடுத்தது ஜாவா இடைமுகங்களின் அறிவிப்பு வரிகள் சுமார் 11,500. கேட்ட இழப்பீடு 900 கோடி டாலரை நெருங்கியது. பேட்டண்ட் குற்றச்சாட்டுகள் 2012-லேயே நடுவர் குழுவிடம் தோற்றுப்போயின. ஆனாலும் ஆரம்ப மனுவில் அவை இருந்த ஒரே காரணத்தால் மேல்முறையீடு கலிஃபோர்னியாவின் ஒன்பதாம் வட்டாரத்துக்குப் போகாமல், பேட்டண்ட் வழக்குகளைக் கேட்கும் நீதிமன்றத்துக்குப் போய், அங்கே கீழ்நீதிமன்ற முடிவு 2014-இலும் 2018-இலும் தலைகீழானது. (செத்துப்போன ஒரு குற்றச்சாட்டு வழக்கின் பாதையைத் தீர்மானித்ததைப் பற்றி எங்கள் முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் கேள்வி கேட்கிறார்கள். எனக்கும் நல்ல பதில் கிடைக்கவில்லை.)

இனி 2021 ஏப்ரல் 5 தீர்ப்பு. நிரல் அறிவிப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்வியை, உண்டு என்றே வைத்துக்கொள்வோம் என்று தாண்டிவிட்டு, ஆறுக்கு இரண்டு என்று 'நியாயமான பயன்பாடு' பக்கம் நின்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். எழுதியவர் ஸ்டீஃபன் பிரையர். ஆரக்கிள் வென்றால் நிரலாளர்களின் எதிர்காலப் படைப்புகளுக்குப் பூட்டு விழும், சாவி ஒரே நிறுவனத்திடம் இருக்கும் என்பது அவர் கவலை. பதிப்புரிமையின் உடையில் பேசினாலும் அது போட்டிச் சட்டத்தின் குரல். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய கிளாரன்ஸ் தாமஸும் அதையே கண்டுகொண்டு திருப்பி அடித்தார்: ஏகபோகம் பற்றிக் கவலைப்படுவதானால், ஆண்ட்ராய்டுக்காக ஐரோப்பாவில் அபராதம் கட்டச் சொல்லப்பட்ட கூகுளைப் பற்றியல்லவா கவலைப்பட வேண்டும்? ஆண்ட்ராய்டு இலவசமாகக் கிடைத்ததைக் காட்டி அமேசான் தன் ஜாவா உரிமக் கட்டணத்தில் 97.5 விழுக்காடு தள்ளுபடி பெற்றதையும் அவர் எடுத்து வைத்தார். அவர் சுட்டிய அபராதம் 2018 ஜூலையில் விதிக்கப்பட்டது: 434 கோடி யூரோ. விதித்தது அதே ஐரோப்பிய ஆணையம்.

இரு நீதிபதிகளில் யார் சரி என்பதில் நம்மிடையே கட்சிகள் உண்டு. கூகுள் வென்றதை நிரலாளர்களின் விடுதலையாகக் கொண்டாடிய நண்பர்களோடு நான் சேரவில்லை; தாமஸை ஆரக்கிளின் வக்கீல் போலப் படிப்பவர்களோடும் சேரவில்லை. சந்தை வரையறை, சாட்சியம், பொருளியல் ஆய்வு ஆகியவை ஒன்றும் கையில் இல்லாமல் ஒரு பதிப்புரிமை நீதிமன்றம் இரண்டு ஏகபோகங்களில் எது சிறியது என்று தேர்ந்தெடுக்க வேண்டிவந்ததே, அதுதான் என் குறை. அதற்கான கருவிகளும் அதிகாரமும் 2010 ஜனவரியில் ஆணையத்திடம் இருந்தன. மைஎஸ்கியூஎல்லுக்குப் பத்து உறுதிமொழிகள் வெளியிட்ட ஆரக்கிளிடம், ஜாவாவின் இடைமுகங்களுக்கு ஒன்று கேட்டு வாங்கியிருக்கலாம். உரிமத்தில் சாதனக் கட்டுப்பாடு கூடாது என்ற ஒரே நிபந்தனை போதும். கூகுள் அதையும் மீறியிருக்கலாம். அப்போது நடந்திருப்பது ஓர் ஒப்பந்தச் சண்டை. நிரலுக்குப் பதிப்புரிமை எதுவரை என்ற கேள்வியைப் பணயம் வைத்திருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இந்த இரண்டு துறைகளும் தனித்தனி அறைகளில்தான் இருக்கின்றன. பதிப்புரிமைச் சட்டத்தில் 1999-இல் சேர்ந்த 52(1)(ab) பிரிவு, நிரல்கள் ஒன்றோடொன்று இணைந்தியங்கத் தேவையான தகவலைப் பெற வழிவிடுகிறது. ஆண்ட்ராய்டு பற்றிப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்கும் கட்டுரை ஏதும் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை. அமைப்பாளர்களைக் குறை சொல்லவில்லை. அப்படிப்பட்ட கட்டுரை வந்திருந்தால்தானே சேர்ப்பார்கள்.

முதல் அமர்வின் முதல் கட்டுரை, இணைப்பு விசாரணைகளில் அறிவுசார் சொத்துரிமைக்கு இடமே இல்லை என்று வாதிடுவதாகச் சுருக்கத்தில் கண்டேன். எழுதியவர் நான் சற்றுமுன் பதில் சொன்ன அதே நண்பர். எனக்குத் தந்த நேரத்தைத் தாண்டிவிட்டேன். அவருடைய நேரத்தில் குறைக்க வேண்டாம் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு, அவரை மேடைக்கு அழைக்கிறேன்.