இரத்தினபுரிக் கற்களும் நகரும் கண்டங்களும்



தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த ஒருவரின் நினைவாக நடக்கும் பேச்சு இது. ஆகவே சபரகமுவை மண்ணில் கிடைக்கும் பொருளை வைத்தே பேசுகிறேன். மாணிக்கத்தையும் நீலக்கல்லையும் பற்றிப் பேசக் கடைத்தெருவில் ஆள் நிறைய உண்டு. நான் எடுத்துக்கொள்வது, அவற்றோடு வந்து இரண்டாம் தரமாக ஒதுக்கப்படும் இரண்டு கற்களை.

இரத்தினபுரி வயலோரங்களில் மாணிக்கக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். சதுரமாக வெட்டி, பக்கம் சரியாமல் மரம் கட்டி, இடுக்கில் இலைகுழை அடைத்து, ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இறங்குவார்கள். களிமண்ணுக்குக் கீழே வரும் சரளைப் படைக்கு இல்லம் என்று பெயர். அதைக் கூடையில் அள்ளி நீரில் சுழற்றினால் மண்ணும் இலேசான கல்லும் விளிம்பால் வழிந்துவிடும். கனமானவை அடியில் தங்கும். கூடையைச் சாய்த்து வெளிச்சத்தில் விரல் ஓட்டுகிறவரின் கண் நீலத்தைத் தேடும். அதே அடியில் தேன் நிறத்திலும் பச்சையிலும் என் முதற் கல்லான சிர்க்கோன் கிடக்கும்.

சிர்க்கோன் பளிங்காக உறையும்போது யுரேனியத்தைச் சிறிது உள்ளே விடும். ஈயத்தைக் கிட்டத்தட்ட அண்டவே விடாது. பிறகு அந்த யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். யுரேனியம்-238இல் பாதி மாற ஏறத்தாழ 4,470 மில்லியன் ஆண்டு பிடிக்கும். சேர்ந்திருக்கும் ஈயத்தைக் கணக்கிட்டால் கல்லின் வயது தெரியும். ஆனால் கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்க, வயது ஐயமின்றித் தெரிந்த ஒப்புக்கல் ஒன்று வேண்டும். அது எங்கே உடைத்தாலும் ஒரே தன்மையாக, பல ஆய்வகங்கள் பங்கு போடும் அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும். சாதாரணப் பாறையில் சிர்க்கோன் மணற்பருக்கையிலும் சிறியது. நகைக்கு வெட்டும் அளவுக்கு வளர்ந்த சிர்க்கோன் இலங்கைச் சரளையில் இருக்கிறது. கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் வயது அளக்கும் ஷ்ரிம்ப் கருவிக்கு நெடுங்காலம் ஒப்புக்கல்லாக இருந்தது எஸ்எல்13 என்னும் இலங்கைச் சிர்க்கோன். அதன் வயது 572 மில்லியன் ஆண்டு. பின்னர் வந்த ஜிஇசட்7, இரத்தினபுரி மாவட்டத்தில் எடுத்த கல். பழைய கண்டங்களின் வரைபடத்தில் எந்தப் பாறை எந்தக் காலத்தது என்று எழுதும் கைக்கு, நம் சரளை அளவுகோல் கொடுத்திருக்கிறது.

எஸ்எல்13இன் அந்த வயதும் தற்செயலானதல்ல. சுமார் 610 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நிலத்துண்டுகள் மோதி கொண்டுவானா என்னும் பெருங்கண்டமாக ஒட்டிக்கொண்டன. இன்றைய இலங்கை அந்த மோதலின் நடுவில் அகப்பட்டது. நம் மலைநாட்டுப் பாறைகள் 20, 30 கிலோமீற்றர் ஆழத்துக்கு அமுங்கி, 800 பாகை செல்சியசுக்கு மேலும் வெந்தவை. ஒரு பக்கம் தென்னிந்தியா, ஒரு பக்கம் மடகாஸ்கர், மற்றப் பக்கம் அந்தாட்டிக்காவின் லுட்சோ-ஹோல்ம் விரிகுடா. அங்கே சியோவா நிலையத்தை வைத்திருக்கும் ஜப்பானியர், இலங்கைப் பாறைகளையும் வந்து ஆராய்ந்தது இந்த ஒட்டுறவை அறியத்தான். 1998இல் மடகாஸ்கரின் இலக்காக்காவில் நீலக்கல் கிடைத்ததும் நம்மூர் வியாபாரிகள் கப்பலும் விமானமும் பார்க்காமல் ஓடினார்கள். பிரிந்துபோன பங்காளி வீட்டுக்குத்தான் போனார்கள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

இனி இரண்டாவது கல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வின் பணிப்பாளராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சிவ நடனம் பற்றி எழுதியவராக மட்டும் அவரைக் கொண்டாடுகிறோம். சுத்தியலோடு மலை ஏறிய புவிச்சரிதவியலாளரை மறந்துவிட்டோம். இது நம் குறை. பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கக் கழுவலில் கிடைத்த கரிய கனசதுரக் கல்லை அவர் யுரேனினைட் என்று கருதினார். 1904இல் லண்டனில் இரசாயனவியலாளர் டன்ஸ்டன் பகுத்தபோது அதில் பெரும்பங்கு தோரியம் என்று தெரிந்தது. தோரியனைட் என்று பெயரிட்டார். மறு ஆண்டே இரசாயனவியலாளர் ராம்சேயின் ஆய்வகத்தில் ஒட்டோ ஹான் அதிலிருந்து ரேடியோதோரியம் என்னும் கதிரியக்கப் பொருளைக் கண்டார். 1910ஐ ஒட்டிப் பௌதிகவியலாளர் ஸ்ட்ரட், அவ்வகைக் கல்லில் கதிரியக்கச் சிதைவால் ஹீலியம் சேரும் வேகத்தை நேரே அளந்து, அதன் வயதுக்கு ஒரு கீழெல்லையைக் கணித்தார். ஹீலியம் கசியும் என்பதால் உண்மை வயது அதைவிட அதிகம்.

கதிரியக்கக் கற்கள் வயதை மட்டும் சொல்லவில்லை, சூட்டையும் சொல்லின. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளிவரும் வெப்பம் பூமியை உள்ளிருந்து சூடாக்குகிறது. இன்று பூமி இழக்கும் வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி இப்படி வருவது. 1928இல் புவிச்சரிதவியலாளர் ஆர்தர் ஹோல்ம்ஸ், இந்த வெப்பம் பூமியின் ஓட்டுக்குக் கீழுள்ள மேன்டிலைச் சோறு கொதிப்பதுபோல் புரட்டுகிறது, அந்தப் புரளலே கண்டங்களை இழுக்கிறது என்று கிளாஸ்கோவில் சொன்னார். கேட்டவர் பலர் நம்பவில்லை. மேன்டில் திடப் பொருள்தான். ஆனாலும் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் நகரும், நம் நகம் வளரும் வேகத்தில்.

மேன்டிலின் கண்ணுக்கு எட்டாத பழைய ஓட்டத்தை எப்படி மீட்பது? கடலடிப் பாறையின் காந்தக் கோடுகளைக் கொண்டு, கண்டங்களைச் சுமக்கும் தகடுகளைப் பின்னோக்கி நகர்த்துகிறார்கள். பிறகு அந்த நகர்வைக் கணினியில் மேன்டிலின் மேல் ஓடவிட்டு இன்றைக்கு வருகிறார்கள். விடை சரியா என்று பார்க்க நம் வாசலிலேயே ஒரு சோதனை உண்டு. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் புவியீர்ப்பு குறைந்து, கடல்மட்டம் சுமார் 106 மீற்றர் தாழ்ந்த பெரும் பள்ளம். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் தேபஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் இருவரும் 140 மில்லியன் ஆண்டு ஓட்டத்தைக் கணக்கிட்டு 2023இல் விளக்கம் தந்தார்கள். மறைந்த டெதிஸ் கடலின் தளம் மேன்டில் அடிவரை மூழ்கி, ஆபிரிக்காவுக்குக் கீழுள்ள சூடான பிண்டத்தைக் கலைத்தது. அங்கிருந்து எழுந்த இலேசான சூட்டுப் பொருள் அப்பள்ளத்துக்குக் காரணம் என்பது அவர்கள் முடிவு. எல்லோரும் ஒப்பவில்லை. எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது.

இறுதியாக, இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பிள்ளைகளில் பலர் உயர்தரத்தில் தமிழ்மொழியில் விஞ்ஞானம் படிக்க வெளி மாவட்டம் போகிறார்கள். முடியாதவர்கள் பாடத்தை மாற்றிக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டிலிருந்து இச்சொற்பொழிவுக்கான தொகையில் ஒரு பங்கை அப்படியொரு பிள்ளையின் விடுதிச் செலவுக்கு ஒதுக்குங்கள். பேராதனையில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது; அங்கே போகவிருக்கும் பிள்ளையை இந்த மேடைக்கு அழைத்து வாருங்கள்.