கருவியின் பெயரும் கைத்திறனும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஓர் இயந்திரத்தையோ மென்பொருளையோ வாங்கியவர் அதைப் பிழையின்றி இயக்குவதற்கான கையேட்டை எழுதுபவரே தொழில்நுட்ப எழுத்தாளர். அப்பணிக்கு விண்ணப்பிப்பவர் தம் திறன்களையும் கருவிகளையும் தன்விவரக் குறிப்பில் எவ்வாறு எழுதவேண்டும் என்பது பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

என் முதல் விண்ணப்பத்தில் பன்னிரண்டு மென்பொருள்களின் பெயர்களை ஒரே வரியில் அடுக்கியிருந்தேன். நேர்காணலில், "பிரேம்மேக்கரில் பொருளடக்கத்தை எவ்வாறு உருவாக்குவீர்?" என்று கேட்டார்கள். அதை ஒருமுறை திறந்து பார்த்ததன்றி வேறொன்றும் அறியேன். அதன்பின் நான் மெய்யாகவே அறிந்தவற்றையும் அவர்கள் நம்பவில்லை. ஆனால், பட்டறையில் பணிபுரிந்தபோது நீரேற்று மோட்டாரின் பராமரிப்பு முறையைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேனே, அதைக் குறிப்பிடவேயில்லை. "இதுவும் ஒரு தகுதியா?" என்று எண்ணிவிட்டேன். இல்லாததைச் சேர்த்தேன், இருந்ததை மறைத்தேன். இரண்டும் பிழையே.

ஆகவே திறன் வேறு, கருவி வேறு என்று பிரித்தெழுதுங்கள். பொறியாளரிடம் கேட்டறிதல், செய்முறையைப் படிப்படியாக வரிசைப்படுத்துதல், பிழை திருத்துதல் ஆகியவை திறன்கள். வேர்டு, பிரேம்மேக்கர், மேட்கேப் ஃபிளேர், பதிப்புகளைப் பேணும் கிட் ஆகியவை கருவிகள். டிட்டா என்பது கருவியன்று, ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாகி, 2005ஆம் ஆண்டு ஓயாசிஸ் அமைப்பின் தரமுறையாக ஏற்கப்பட்ட எழுத்தமைப்பு முறை. அதைக் கருவிகளோடு கலந்தெழுதினால், அறிந்தவர் உடனே கண்டுகொள்வர்.

நாள்தோறும் கையாளும் கருவியை முதலில் எழுதுங்கள். பழகிவருவதைப் "பயின்று வருகிறேன்" என்று தனியே குறியுங்கள். நூற்றுக்கு எண்பது என உங்களுக்கு நீங்களே மதிப்பெண் இட்டுக்கொள்ளாதீர்கள். அதை எவரும் அளந்தறிய இயலாது. "ஃபிளேர் அறிவேன்" என்பதைவிட, "ஃபிளேரில் 40 பக்க நிறுவல் கையேடு தயாரித்தேன்" என்பதே சான்று. விளம்பரம் கேட்கும் கருவியை நீங்கள் அறிந்திருந்தால், விளம்பரத்திலுள்ள பெயராலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

இளைஞர்களே! அலுவலகத்தின் உள்ளே நமக்காக ஒரு சொல் சொல்ல நம்மில் பலருக்கு உறவினர் இல்லை. அந்த ஒரு தாளே நமக்காகப் பேசவேண்டும். அது பொய் பேசலாகாது. கூச்சத்தால் வாய்மூடியும் நிற்கலாகாது. இன்றிரவே அமர்ந்து, இதுவரை உங்கள் கையால் எழுதி முடித்த பணிகளை வரிசையாகக் குறியுங்கள். கருவிகளின் பெயர்களை அதன்பின் அவற்றின் அருகே எழுதலாம்.