பவுடர் பூச்சுக்கு முன்னால்



என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் தாயார் அண்மையில் பள்ளி வாசலில் என்னைக் கண்டு குறைப்பட்டுக்கொண்டார். "சார், மகன் சிங்கப்பூரில் பூன் லே பக்கம் ஒரு பட்டறைக்குப் போனான். சாயம் பூசும் வேலை என்றார்கள். நாள் முழுக்க இரும்பு கழுவுகிறானாம். இதற்கா படிக்க வைத்தேன்?" அந்த அம்மாளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பூன் லே நமக்கு அந்நியமான மண் அன்று. ஜூரோங்கில் காம்பியரும் மிளகும் பின்னர் ரப்பரும் பயிரிட்ட சீன வணிகர் சியூ பூன் லே. 1933இல் காலமான அவருடைய பெயரைத்தான் அந்த வட்டாரம் தாங்கி நிற்கிறது. 1961இல் ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கும் பணி தொடங்கியது. பால்மரம் நின்ற இடத்தில் இன்று பட்டறைகள் நிற்கின்றன.

அங்கே செய்வது பவுடர் பூச்சு. ஈரமில்லாத வண்ணத் தூளுக்கு மின்னூட்டம் கொடுத்துத் தெளிப்பார்கள். உலோகம் அதைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். பிறகு அடுப்பில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் தூள் உருகி, இறுகி, ஒரே தோலாகிவிடும். அந்தத் தோலின் கனம் ஒரு தலைமுடி அளவுதான். அடியில் எண்ணெயோ துருவோ இருந்தால் சில மாதங்களில் உரிந்து வரும். மங்கைத் துடைக்காமல் பால் விட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

சாதாரண இரும்பை முதலில் காரக் கரைசலில் கழுவி எண்ணெயைப் போக்க வேண்டும். துருவையும் கரும் செதிளையும் அமிலத்தாலோ, இரும்புக் குருணையை வேகமாக வீசியோ நீக்குவார்கள். அடுத்து பாஸ்பேட் கரைசல். அது இரும்பின்மேல் நுண்ணிய படிகங்களைப் படிய வைக்கும். தூள் பற்றிக்கொள்ள அதுவே பிடிமானம். இங்கிலாந்தில் காஸ்லெட் என்பவர் 1906இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது இது. பின்பு நல்ல நீரில் அலசி, உலர்த்தி, தாமதமின்றிப் பூச வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கழுவிய இரும்பு சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு போதும்.

அலுமினியம் துருப்பிடிக்காது. ஆனால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு ஏடு ஒன்று உண்டு. அதை நீக்கிவிட்டு, நெடுங்காலம் குரோமியக் கரைசலில் முக்கி எடுத்தார்கள். அந்தக் கரைசலில் உள்ள ஒருவகைக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. இப்போது சிர்கோனியம் கலந்த கரைசல்கள் வந்துவிட்டன. பழைய முறை தொடரும் இடங்களும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நாகம் பூசிய இரும்புதான் ஆளை ஏமாற்றும். அந்தப் பையனும் அதில்தான் அகப்பட்டான். நாகம் பூசிய வாயிற்கதவு ஒன்றைச் சாதாரண இரும்பென்று எண்ணி வேலை பார்த்திருக்கிறான். அடுப்பிலிருந்து வெளியே வந்தபோது அம்மை போட்ட முகம்போல் எங்கும் புள்ளிகள்! கடும் அமிலம் நாகத்தை அரித்துவிடும். உள்ளே அடைபட்ட வாயுவும் சூட்டில் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். ஆகவே அமிலத்துக்குப் பதில் மென்மையாகச் சுரண்டி, பூசுவதற்கு முன்பே ஒருமுறை சூடேற்றி வாயுவை விரட்ட வேண்டும். வார்ப்பிரும்புக்கும் இந்த முன்சூடு உதவும். அழுத்திய மரப்பலகைக்கும் குறைந்த சூட்டில் உருகும் தூளைப் பூசுகிறார்கள். அதில் ஈரம் அளவோடு இருக்க வேண்டும்.

சுத்தமாகிவிட்டதா என்று அறியத் தண்ணீரே போதும். கழுவிய தகட்டின்மேல் நல்ல நீரை ஊற்றுங்கள். நீர் ஒரே ஏடாகப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் மிச்சமிருக்கிறது. குழம்பு ஊற்றிய தட்டில் இன்றிரவே பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம்.

இன்னொன்றும் அந்த அம்மாளிடம் சொன்னேன். மகன் தொலைபேசியில் பேசும்போது சம்பளத்தைக் கேட்குமுன் கையுறை, கண்ணாடி, முகமூடி தருகிறார்களா என்று கேளுங்கள். அமிலத்தைக் கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். மணலை வீசிச் சுரண்டச் சொன்னால் மறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது.