பாறை மீனுக்குப் படகு முதலில்



அந்தமானுக்குத் தூண்டில் போடப் போகிறவர்கள் புறப்படுமுன் கேட்கும் முதல் கேள்வி, என்ன லூர், அதாவது செயற்கை இரை, வாங்கிக்கொண்டு போகலாம் என்பதுதான். கடையில் போய்ப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். நீலமும் வெள்ளியும் பூசியது, பறவைக்கோலா மாதிரி செய்தது, வாயைத் திறந்துகொண்டிருக்கும் பாப்பர் என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஐயாயிரம் ரூபாயைத் தாண்டும் ஜப்பானிய லூர்களும் உண்டு. அவற்றில் பத்தை வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டு, படகு எது கிடைத்தாலும் சரி என்று ஏறிவிடுகிறார்கள். அந்தக் கடலில் இது தலைகீழ் வேலை. எந்தப் படகு, யார் ஓட்டுகிறார், எங்கே போகிறோம் என்று முடிவான பிறகுதான் லூர்ப் பெட்டியைத் திறக்க வேண்டும். இன்றைக்கு உங்களோடு பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில் மீன். அந்தமானுக்குத் தூண்டில்காரர்களை இழுப்பது பெரும் பாறை மீன். ஆங்கிலத்தில் ஜயன்ட் ட்ரெவல்லி, சுருக்கமாக ஜி.டி. தீவுச் சந்தையில் பாறை இனத்தைக் கொக்காரி என்பார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. தூண்டிலில் பிடிபட்டதில் உலக சாதனை 72.8 கிலோ, ஜப்பானின் ககோஷிமா பகுதியில் 2006-ல் பதிவானது. முகம் செங்குத்தாக இறங்கும், உடம்பு முழுக்கத் தசை, வாலடியில் கூரான செதில் வரிசை. செய்ஷல்ஸ் தீவுகளில் இதே மீன், தண்ணீருக்கு மேல் பறக்கும் ஆலாக் குஞ்சுகளைத் துள்ளிப் பிடித்து விழுங்குவதை 2017-ல் பிபிசியின் 'ப்ளூ பிளானட்' இரண்டாம் தொடரில் உலகமே பார்த்தது. வட அமெரிக்க ஏரிகளில் மஸ்கி என்றொரு பெரிய மீன் உண்டு. ஒரு கடிக்காக நாள் முழுக்க முழங்கை நீள லூர்களை வீசிக்கொண்டிருப்பார்கள். அந்தமானில் பாறைக்கு வீசுவதற்கும் அதே பொறுமை வேண்டும். ஆனால் ஏரியில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. மீன் மாட்டிய மறு நொடி அது பவளத்துக்குள் பாயும். நூல் பவளத்தில் உரசினால் கதை முடிந்தது.

அந்த ஒரு நொடிக்காகத்தான் படகைப் பார்த்து எடுக்க வேண்டும் என்கிறேன்.

தூத்துக்குடிப் பக்கம் 'பார்' என்பார்களே, அப்படிப்பட்ட பவளத் திட்டுகளின் விளிம்பில், நீரோட்டம் வந்து மோதும் பக்கத்தில் பாறை மீன் காத்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வலுக்கும். அப்போதுதான் மீனும் சுறுசுறுப்பாக இரை தேடும். படகோட்டி செய்வது என்னவென்றால், ஓட்டத்துக்கு மேலே போய் எஞ்சினைத் தளர்த்தி, படகைப் பாரின் ஓரமாக மிதக்க விடுவார். நீங்கள் படகின் முன்பக்கமான அணியத்தில் நின்று பாரை நோக்கி வீசுவீர்கள். மீன் அடித்ததும் அவர் எஞ்சினை முடுக்கி, படகை ஆழத்தின் பக்கம் திருப்பி, மீனையும் சேர்த்து வெளியே இழுப்பார். இந்த வேலையில் பாதி உங்கள் கையில் இருந்தால், மீதிப் பாதி அவர் கையில் இருக்கிறது. கியர் விழவே நேரம் எடுக்கும் ஒற்றை டீசல் எஞ்சின் படகில் இது நடக்காது. எவ்வளவு விலை கொடுத்த லூராக இருந்தாலும் பவளத்தில்தான் போய்க் கிடக்கும்.

ஆகவே பாறைக்கு வீசப் போகிறவர்களுக்கு 25 முதல் 30 அடி நீளத்தில், பின்னால் இரண்டு அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய ஃபைபர் படகு வேண்டும். அடிப்பாகம் ஆழமான V வடிவில் இருந்தால் அலையை வெட்டிக்கொண்டு போகும். தட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் 'டமார்' என்று விழும், மாலைக்குள் முதுகு போய்விடும். ஏறுவதற்கு முன் அணியத்தில் போய் நின்று பாருங்கள். தளம் வழுக்குகிறதா? தொடை உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பி இருக்கிறதா, முழங்காலை முட்டுக்கொடுத்து நிற்க முடிகிறதா? தலைக்கு மேல் கூரையோ ஆன்டெனாவோ தூண்டில் கோலை மறிக்கிறதா? இரண்டு பேர் அருகருகே நின்று வீசுவது கூடாது. ஒருவர் அணியத்தில், ஒருவர் பின்பக்கம். 150 கிராம் மரக்கட்டை, இரண்டு கொக்கிகளோடு காது பக்கத்தில் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

டுங்கி என்று தீவில் சொல்லும் உள்ளூர்ப் படகைக் குறைவாக நினைக்காதீர்கள். டீசல் எஞ்சின் ஓடும் சத்தத்தோடு ஆறேழு நாட் வேகத்தில் மெதுவாகப் போகும். அதுவே இழுவைத் தூண்டிலுக்குச் சரியான வேகம். பின்னால் தலையில் தகடு வைத்த, ஆழம் இறங்கி நீந்தும் லூர்கள் இரண்டை விட்டுவிட்டு ஓரமாகப் போனால் வஞ்சிரமும் ஊழியும் சூரையும் கிடைக்கும். செலவு குறைவு, குடும்பத்தோடும் போகலாம். குமரிக் கடலோரத்து மீனவர்கள் பளபளக்கும் இழைகளையும் இறகையும் தூண்டிலில் கட்டி, ஓடும் படகின் பின்னால் இழுத்துச் சூரை பிடிக்கிறார்களே, அதே கலைதான். டுங்கியில் போகிறவர் பாப்பருக்குச் செலவழித்தால் வீண். அந்தப் படகுக்கு எந்த லூர் பொருந்துமோ அதை வாங்குங்கள்.

தூரம் போகிற ஆசை இருந்தால் கணக்குப் போட வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, பேரன் தீவு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். இந்தியாவில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அது. ஒன்றரை நூற்றாண்டு உறங்கிவிட்டு 1991-ல் மறுபடி வெடித்தது. கடலடியிலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் நேராக எழும்பி நிற்கும் மலை என்பதால், அதைச் சுற்றி ஆழ்கடல் மீன்கள் திரியும். தீவு வனவிலங்குச் சரணாலயம், கரையேற அனுமதி இல்லை. வேகப் படகில் ஒரு பக்கமே மூன்றரை மணி நேரம் ஆகும். இரண்டு 150 குதிரைத்திறன் எஞ்சின்கள் மணிக்கு 50, 60 லிட்டர் குடிக்கும். போக, வர என்று மட்டும் 400 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடலோடிகளின் கணக்கு ஒன்று உண்டு: எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு. படகுக்காரரிடம் இந்தக் கணக்கைக் கூசாமல் கேளுங்கள். உயிர்ச்சட்டை எத்தனை, வி.எச்.எஃப். வானொலி வேலை செய்கிறதா, இரண்டாவது எஞ்சின் தனியாக ஓடுமா என்பதையும் கேளுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. அது எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

நங்கூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006 ஜனவரியில், நண்டு பிடிக்கப் போன இரண்டு மீனவர்கள் வடக்கு சென்டினல் தீவின் அருகே இரவில் படகில் தூங்கினார்கள். நங்கூரம் பிடிக்கவில்லை. படகு கரைக்கு ஒதுங்கியது, தீவில் வாழும் பழங்குடியினரால் இருவரும் கொல்லப்பட்டார்கள். அந்தத் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைல் தூரத்துக்கு யாரும் போகக்கூடாது என்பது சட்டம். அங்கே வாழ்கிறவர்களை நம் நோய்களிலிருந்தும் நம்மிடமிருந்தும் காப்பதற்கான சட்டம் அது. அந்தப் பக்கம் பாரில் நல்ல மீன் இருக்கிறது, ஓரமாகப் போய் வரலாம் என்று ஒரு படகோட்டி சொன்னால், அந்தப் படகில் ஏறாதீர்கள். வண்டூரில் இருக்கும் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா, ரிச்சி தீவுக்கூட்டத்தின் ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்கா, இவற்றின் எல்லைக்குள்ளும் தூண்டில் போடக்கூடாது. எல்லை எங்கே என்று தெரிந்த படகோட்டி வேண்டும்.

படகோட்டியின் அனுபவம் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இந்தத் தீவுகள் சாய்ந்தன. வட அந்தமானின் மேற்குக் கரையில் நிலம் ஒரு மீட்டருக்கு மேல் எழும்பி, பவளம் வெளியே வந்து காய்ந்து செத்தது. தெற்கே போர்ட் பிளேர்ப் பகுதி ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, சிப்பிகாட் வயல்கள் உப்புத் தண்ணீருக்குள் போயின. பழைய வரைபடத்தில் எழுதிய ஆழத்தை நம்பிப் பாருக்குப் பக்கத்தில் போக முடியாது. அந்த இடத்தில் அதற்குப் பிறகும் வருடக் கணக்கில் படகு ஓட்டிப் பழகியவர் வேண்டும். 1925-ல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் வேபியில் குடியேறிய கரேன் மக்களிடம், தெலுங்கு, வங்காள, தமிழ் மீனவர்களிடம் அந்த அறிவு இருக்கிறது. அவர்களுக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது.

இப்போது லூருக்கு வருவோம். பாப்பரின் முகம் குழிந்திருக்கும். கோலை ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் அந்தக் குழி தண்ணீரை அள்ளி முன்னால் எறிந்து, 'பொளக்' என்று சத்தம் போட்டு, பின்னால் குமிழியை விட்டுக்கொண்டு வரும். ஆழத்தில் இருக்கும் மீனுக்கு அது அழைப்பு. காற்றடித்துக் கடல் கலங்கியிருக்கும்போது, தண்ணீர் கொஞ்சம் மங்கியிருக்கும்போது பாப்பர்தான் எடுபடும். ஆனால் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் 200 கிராம் பாப்பரை வாங்கிக்கொண்டு வந்து ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். 100, 120 கிராமில் சின்னக் குழி வைத்ததை எடுங்கள். நாள் முழுக்க வீச முடிகிற லூர்தான் நல்ல லூர்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அந்தமான் கடல் பல நாள் அசையாமல் கிடக்கும். தண்ணீர் பளிங்கு. அப்போது பாப்பரின் சத்தத்துக்கு மீன் மிரளும். அதற்கு ஸ்டிக்பெயிட்: ஒரு சாண் நீளத்தில், முகம் கூரான, மெலிந்த மரமீன். கோலைப் பக்கவாட்டில் நீளமாக இழுத்து விட்டால், அடிபட்ட முரல் மாதிரி புரண்டு புரண்டு நீந்தும். பின்னால் தண்ணீர் ஒரு மேடாக எழும்பி வருவதைப் பார்ப்பீர்கள். பதறாமல் அதே வேகத்தில் இழுத்துக்கொண்டே இருங்கள். மேடு காணாமல் போகும், ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு லூர் இருந்த இடத்தில் தண்ணீர் வெடிக்கும். கையில் கனம் தெரிந்த பிறகுதான் கோலை வெட்ட வேண்டும். கண்ணால் பார்த்தவுடன் வெட்டினால் லூர் மீனின் வாயிலிருந்து பிடுங்கி வந்துவிடும்.

நிறத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். அன்றைக்கு அந்தப் பாரில் மீன் எதைத் தின்கிறது என்று பார்த்து, அந்த நீளத்துக்கும் அசைவுக்கும் கிட்டத்தட்ட ஒத்ததைப் போடுங்கள். நிறம் அதற்குப் பிறகு. ஆழத்தில் களவாவும் பல்லுள்ள பெரிய சூரைகளும் வேண்டுமென்றால் ஜிக் என்னும் 200 முதல் 400 கிராம் உலோக லூரைச் செங்குத்தாக இறக்க வேண்டும். அதற்கும் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் உள்ள படகு வேண்டும்.

லூரைவிட அதில் மாட்டும் கொக்கியில் எனக்கு அக்கறை அதிகம். கடையில் வரும்போது பல லூர்களில் மும்முனைக் கொக்கி இரண்டு இருக்கும். அவை மீனின் கண்ணிலும் செவுளிலும் ஒரே நேரத்தில் ஏறும், எடுக்கும் உங்கள் கையிலும் ஏறும். கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கி மாட்டுங்கள். நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் சிறு முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீன் தப்பிவிடுமே என்பீர்கள். லட்சத்தீவில், மினிக்காய் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோலும் நூலும் கொண்டு சூரை பிடிப்பது அந்த முள் இல்லாத கொக்கியில்தான். நூலைத் தளர விடாமல் வைத்தால் மீன் தப்பாது. நூலும் கனமாக இருக்கட்டும். மெல்லிய நூலில் ஒரு மணி நேரம் போராடுவது வீரமாகத் தெரியலாம். அவ்வளவு நேரத்தில் களைத்துப்போன மீனைத் திருப்பி விட்டாலும் சுறா விடாது. 80, 100 பவுண்டு பின்னல் நூல், அதன் முன்னால் 150 பவுண்டுக்கு மேல் தாங்கும் தங்கூசி லீடர், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மீனைப் படகோரம் கொண்டுவரும் ரீல், இவை போதும். மீனைச் செவுளில் கொக்கிபோட்டுத் தொங்கவிட்டுப் படம் எடுப்பதை நிறுத்த வேண்டும். கையை நனைத்து, வயிற்றைத் தாங்கி, ஒரு படம், உடனே தலை ஓட்டத்தை நோக்கியிருக்க வாலைப் பிடித்துத் தண்ணீரில் விடுங்கள். அது உதறிக்கொண்டு போகும்வரை பிடி இருக்கட்டும்.

அலை பெரிதாக இருக்கும் நாளில் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே ஓடும் உப்பங்கழிகளில் கொடுவாவும் செப்பிலியும் தேடலாம். சிறிய படகு, ஒரு விரல் நீள லூர், வேர்களில் சிக்காத ரப்பர் இறால் போதும். ஆனால் அங்கே உப்புநீர் முதலை உண்டு. படகின் விளிம்பு தண்ணீரிலிருந்து நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். சிக்கிய லூரை எடுக்கக் கையைத் தண்ணீருக்குள் விடவோ கரையில் இறங்கவோ கூடாது. லூர் போனால் போகட்டும்.

கடைசியாக, சாப்பாட்டுக்கு. பாரில் வளர்ந்த பெரிய மீன்களின் உடம்பில், நுண்பாசிகளிலிருந்து ஏறும் சிகுவடெரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும். சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. பெரிய பாறையைத் திருப்பி விட இது இன்னொரு காரணம். ராட்சதக் களவா மாட்டினால் யோசிக்கவே வேண்டாம், 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது, உடனே விட்டுவிட வேண்டும். படகில் இருப்பவர்களுக்குக் குழம்பு வைக்க, வெளிக்கடலில் இழுவைத் தூண்டிலில் கிடைத்த ஒரு சூரையோ வஞ்சிரமோ போதும். ஐஸ் பெட்டியை அந்த அளவுக்கே எடுத்துக்கொண்டு போங்கள்.